சாரல் நிலத்துச் சிருங்காரமும் பெண் வாசகரும்

தோற்றுவாய்

காதலும் காமமும் செறிந்த கதைகளைப் பெண்கள் விரும்பிப் படிக்கின்றனர் என்பது கவலையோடு பேசப்பட்டுவரும் செய்தி. மாத நாவல்கள் கெடுத்தன என்பர் ஒரு சாரார். கைப்பேசித் திரையில் வரும் தொடர்கதைகள் கெடுக்கின்றன என்பர் மற்றொரு சாரார். இது புதுப்பழக்கம், முன்னாளில் நம் பெண்டிர் இத்தகைய நூல்களை அறியார் என்பதில் மட்டும் இருசாராரும் உடன்படுகின்றனர். இக்கருத்து வரலாற்றோடு பொருந்துவதன்று.

தமிழில் இன்பப் பொருளுக்கு மூன்று காலங்களில் மூன்று பெயர்கள் வழங்கின. சங்கத்தார் அதனை அகம் என்றனர். வெள்ளிவீதியார், ஔவையார் முதலிய பெண்பாற் புலவரும் அதனைப் பாடினர். இடைக்காலத்தார் சிருங்காரம் என்று சொல்லிக் காவியத்திற்கு அணியாகக் கொண்டனர். ஆங்கிலேயர் ஆட்சியில் அதே பொருள் ஆபாசம் என்னும் பெயரையும் பெற்றது; 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 292ஆம் பிரிவு ஆபாச நூல் விற்பனையைக் குற்றமாக்கிற்று. பொருள் பெரிதும் மாறவில்லை, பெயர் மாறியது. பெயர் மாறுந்தோறும் அந்நூல்களின் முன் பெண்ணுக்குரிய இடமும் மாறியது. அம்மாற்றத்தைக் காணத் தென்காசியும் குற்றாலமும் தக்க தொடக்கமாகும்.

தென்காசியில் ஒரு வாசகி

15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய தென்காசி, பிற்காலப் பாண்டியரின் தலைநகராயிற்று. அம்மரபில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டவர் அதிவீரராம பாண்டியர். ஸ்ரீஹர்ஷர் வடமொழியில் இயற்றிய காவியத்தைத் தழுவி அவர் யாத்த நைடதம், நளன் தமயந்தி காதலைச் சிருங்காரச் சுவை ததும்பப் பாடுவது. புலவர்க்கு அது மருந்து என்று வழங்கும் முதுமொழி, கற்றோரிடை அந்நூல் பெற்ற மதிப்பைக் காட்டும்.

திண்ணைப் பள்ளிச் சிறுவர் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்த வெற்றிவேற்கை என்னும் நீதிநூலும் இவ்வரசர் இயற்றியதே. காமசாத்திர நூலான தமிழ்க் கொக்கோகத்தைச் சிலர் இவருக்கும், சிலர் இவர் மரபினரான வரதுங்கராம பாண்டியருக்கும் உரியதாக்குவர். யார் இயற்றியதாயினும், நீதி நூலும் இன்ப நூலும் ஒரே அரசவையினின்று தோன்றக்கூடும் என்பதில் அக்காலத்தார் முரண் காணவில்லை என்பது நோக்கத்தக்கது.

நைடதத்தைக் குறித்து ஒரு செவிவழிக் கதை உண்டு. கரிவலம்வந்தநல்லூரில் இருந்த வரதுங்கராமரிடம் அந்நூல் சென்றதாம். அவருடைய மனைவியார் அதனை முழுதும் படித்து, தொடக்கத்தில் உள்ள வேகமும் செழுமையும் போகப்போக இளைத்துவிட்டன என்று குறை கூறினாராம். கதையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் அதனை வழங்கிவந்தோரின் உள்ளத்தை அது காட்டும். காதற்காவியத்தை எடைபோடும் நடுவராக அவர்கள் ஒரு பெண்ணை நிறுத்தினர். இந்நூலைப் பெண் தொடலாமா என்று எவரும் கேட்டதாகக் கதையில் இல்லை. அவ்வம்மையார் கூறிய குறையும் ஒழுக்கம் பற்றியதன்று; கவிதை பற்றியது. சிருங்காரம் மிகுந்தது என்று அவர் சொல்லவில்லை. சுவை குன்றியது என்றே சொன்னார்.

குற்றாலத்து வசந்தவல்லி

தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்காக அவருக்கு நிலக்கொடை வழங்கினார். அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது.

நூலின் கதை எளியது. பந்தாடும் வசந்தவல்லி உலாவரும் திரிகூடநாதரைக் கண்டு மையல் கொள்கிறாள். நிலவைப் பழிக்கிறாள், தோழியைத் தூது விடுக்கிறாள். அப்போது குறத்தி வந்து தன் மலையின் வளத்தைப் பாடி, கைபார்த்து அவள் நெஞ்சில் உள்ளதைச் சொல்கிறாள். பின்னர்க் குறத்தியைத் தேடிவரும் சிங்கனும் அவளும் கூடுகின்றனர். இந்நூலில் விருப்பத்தை முதலில் உரைப்பவள் பெண். அதனை அறிந்து சொல்பவளும் பெண். ஆடவனோ தேடி அலைபவனாகவே வருகிறான்.

குறவஞ்சி தனித்திருந்து படிக்கும் நூலன்று. ஆடவும் பாடவும் கேட்கவும் ஆக்கப்பெற்றது. இத்தகைய நாடகங்களைக் கோயில் விழாக்களில் தேவரடியார் ஆடினர். தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி அவ்வாறே ஆடப்பெற்றது. ஒரு பதத்திற்கு அபிநயம் பிடிப்பவள் அதன் ஒவ்வொரு சொல்லையும் உள்வாங்கியாதல் வேண்டும். அவ்வகையில் சிருங்கார இலக்கியத்தின் மிக நுட்பமான வாசகியர் அவர்களே எனலாம். பிற குலப் பெண்டிருக்கு எழுத்தறிவு அரிதாயிருந்த நாளில், கல்வி அவர்களுக்குத் தொழிலின் உறுப்பாயிருந்தது.

அக்கல்விக்கு அவர்கள் கொடுத்த விலையை மறைத்தல் அறமாகாது. இல்லறம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது; வாழ்வு புரவலரின் தயவில் நின்றது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் நாவல் அவ்வாழ்வின் இருளை அதனுள் இருந்து அறிந்தவர் எழுதியது. 1944இல் ருக்மிணிதேவி அருண்டேல் குற்றாலக் குறவஞ்சியைக் கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். 1947இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. வசந்தவல்லி புதிய மேடை ஏறினாள். அவளைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த மரபினருக்கோ மேடையே இல்லாது போயிற்று. விடுதலையும் இழப்பும் ஒரே பத்தாண்டில் வந்தன.

தஞ்சையில் எழுதியவரும் சென்னையில் படித்தவரும்

ஆடிய பெண்களுள் சிலர் எழுதவும் செய்தனர். அவர்களுள் ஒருவரின் நூலுக்கு நேர்ந்த கதி, சிருங்காரம் ஆபாசமான வரலாற்றைத் தெளிவாகக் காட்டும். தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் விளங்கியவர் முத்துப்பழனி. ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்த இவர், 584 செய்யுட்களில் 'ராதிகா சாந்தவனம்' என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். தான் வளர்த்த இளாதேவியைக் கண்ணனுக்கு மணமுடித்துவிட்டு, பின் பிரிவாற்றாது ஊடும் ராதையைக் கண்ணன் தேற்றுவது அதன் பொருள். ராதையின் விருப்பமும் சினமும் நிறைவுமே காவியத்தை நடத்துகின்றன. நூன்முகத்தில் முத்துப்பழனி தம் பாட்டியையும் பிற முன்னோரையும் குறித்துத் தம் குலமரபைப் பெருமையோடு உரைக்கிறார்.

அச்சுக்காலம் வந்தது. 1887இல் வெளிவந்த பதிப்பில் பல செய்யுட்கள் நீக்கப்பட்டிருந்தன. தெலுங்குச் சீர்திருத்தப் பெரியார் கந்துகூரி வீரேசலிங்கம் தம் கவிஞர் வரலாற்றில், இந்நூலின் பகுதிகள் பெண்கள் கேட்கவே தகாதன, பெண்ணின் வாயினின்று வருதல் எங்ஙனம் தகும் என்னும் பொருள்பட எழுதினார். விதவை மறுமணத்திற்காகப் போராடிய ஒருவரே இவ்வாறு எழுதியது சிந்திக்கத்தக்கது. பெண்ணுக்கு வாழ்வு வேண்டும் என்ற சீர்திருத்தம், அவள் விருப்பத்தைப் பேச வேண்டாம் என்றும் கருதியது.

அதற்கு மறுமொழி ஒரு வாசகியிடமிருந்து வந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952) சென்னையில் புகழ்பெற்ற இசைவாணி. தேவதாசி மரபில் பிறந்தவர். அச்சுப் பிரதியின் குறைபாட்டை உணர்ந்த அவர், சுவடியைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கி, 1910இல் வாவிள்ள பதிப்பகத்தின் வழி முழுநூலையும் வெளியிட்டார். எத்தனை முறை படித்தாலும் மீண்டும் படிக்கத் தோன்றுகிறது என்று முன்னுரையில் எழுதினார். நாணம் பெண்களுக்கு மட்டுமே உரியதா, ஆண்களுக்கு இல்லையா என்றும் வினவினார். ஆடவர் இயற்றிய காவியங்களில் இதனினும் வெளிப்படையான சிருங்காரம் இருப்பதையும், அவற்றைப் பெரியோர் போற்றிப் பதிப்பிப்பதையும் சுட்டினார்.

1911இல் அரசு நூலுக்குத் தடை விதித்துப் பிரதிகளைக் கைப்பற்றிற்று. அறிஞர் பலர் முறையிட்டும் பயனில்லை. 1947இல், த. பிரகாசம் முயற்சியால், தடை நீங்கிற்று. நாகரத்தினம்மாள் திருவையாற்றில் தியாகராசரின் சமாதியைக் கோயிலாக்கியவர் என்பது பலர் அறிந்தது. பக்தியும் சிருங்காரமும் அவர் நெஞ்சில் பகைகொள்ளவில்லை. இன்ப நூலை மகிழ்ந்து படித்ததைத் தம் பெயரிட்டு வெளிப்படையாக அச்சிட்டுச் சொன்ன பெண் அவர். அதனாலேயே இவ்வரலாற்றில் அவர் தனியிடம் பெறுகிறார்.

பெரிய எழுத்து முதல் மாத நாவல் வரை

அவைக்கும் மேடைக்கும் வெளியே, வீட்டுப் பெண்கள் எதனைப் படித்தனர்? பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் அடுக்களை வேலை முடிந்த பிற்பகலில் ஒருவர் இராகமிட்டுப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்ட நூல்கள். ஆடவரை வெறுத்து நாடாளும் அல்லியைப் பல வேடங்களில் அருச்சுனன் நெருங்கும் கதையில் காமச்சுவைக்குக் குறைவில்லை. பாரதக் கதை என்ற போர்வை இருந்தமையால் வீட்டுப் பெரியவர்கள் பொறுத்தனர்.

நாவல் வந்தபோது அப்போர்வை விலகிற்று. ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரைத் தழுவிய மருமக் கதைகளையும், ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவல்களையும் பெண்கள் ஆர்வமாகப் படிப்பது கண்டு இதழ்கள் எச்சரித்தன. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' அக்காலக் கவலைகளை நன்கு காட்டும். சேர்ந்து கேட்ட பெண் தனித்து, வாய்விடாது படிக்கத் தொடங்கியதே அச்சத்தின் வேர் எனலாம். வாய்விட்டுப் படிப்பதைப் பிறர் கேட்கலாம். மௌன வாசிப்பில் மனம் எங்கே செல்கிறது என்பதை எவரும் காண இயலாது.

வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியமை பெண் வாசகர் பெருகியதற்குச் சான்று. பின்னாளில் ரமணிசந்திரனின் நாவல்கள் வாடகை நூல்நிலையங்களில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்தன. இவை வெளிப்படையான காமநூல்கள் அல்ல. ஏக்கத்தை வளர்த்து மணத்தில் முடிப்பவை. ஆயினும் ஒரு பெண்ணின் விருப்பத்தை நடுவில் வைத்துக் கதை நடத்துவதில் வசந்தவல்லியின் தூரத்து உறவினர் எனலாம்.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, அந்நாட்டு ஊர் ஒன்றில் காதல் நாவல் படிக்கும் பெண்களை ஆராய்ந்து 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். கணவருக்கும் மக்களுக்கும் உழைத்தே கழியும் நாளில் புத்தகம் விரிக்கும் நேரம் மட்டுமே தமக்குரியது என அப்பெண்கள் கருதியதை அவர் கண்டார். தமிழ்நாட்டு அடுக்களைகளுக்கும் இது பொருந்தும். அதேபோழ்து இவ்வகைக் கதைகள் பலவற்றில் ஆணின் கடுமையே காதலின் அடையாளமாகக் காட்டப்படுவதையும் மறுக்க இயலாது. அதனைக் குறைகூறுதல் திறனாய்வாளரின் கடமை. ஆனால் அக்குறை கதைக்கு உரியது. படிக்கும் பெண்ணின் ஒழுக்கத்திற்கு உரியதன்று.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோதும், சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரி ஆகியோர் உடலையும் விருப்பத்தையும் பாடியபோதும், வீரேசலிங்கத்தின் பழைய வாதமே புதிய குரல்களில் ஒலித்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்தும் கேள்வி கவிதையைப் பற்றியதாக அமையவில்லை. பெண் இதனைச் சொல்லலாமா என்பதாகவே அமைந்தது.

நிறைவாக

கரிவலம்வந்தநல்லூர் அம்மையாரைப் பற்றிய கதையில் பெண் நடுவராக நின்றாள். குறவஞ்சியில் ஆடினாள், தஞ்சையில் எழுதினாள், சென்னையில் பதிப்பித்தாள். அச்சும் சட்டமும் புதிய நாணமும் சேர்ந்து அவளை மறைவில் படிப்பவளாக்கின. ஆகவே இன்று ஒரு பெண் தலையணையின்கீழ் மறைத்துவைக்கும் புத்தகம் புதுப்பழக்கத்தின் அடையாளமன்று. பழைய உரிமை ஒன்று சுருங்கிப்போனதன் அடையாளம். மறைவு நீங்காதவரை அவள் நல்லதையும் அல்லதையும் பிறரோடு பேசித் தேர்ந்துகொள்ளவும் வழியில்லை. சுவை வளர்வது பேச்சினால் அன்றோ!

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், திருநெல்வேலியில் தம் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியின் வழி, கவிதைக்குச் சுவையே உரைகல் என்று நிலைநாட்டினார். இலக்கிய வட்டங்கள் அனைத்திற்கும் அவர் விட்டுச்சென்ற உடைமை அது. அவ்வுரைகல்லை ஆண் கையில் ஒருவிதமாகவும் பெண் கையில் வேறுவிதமாகவும் பிடிக்கலாகாது. குறவஞ்சியை அரங்கில் முழுமையாகப் படித்து, அதன் சிருங்காரத்தை மகளிரும் ஆடவரும் ஒருங்கிருந்து நாணமின்றி ஆராயும் நாளில், நைடதத்தில் சுவை குன்றியதைச் சுட்டிய அம்மையாரின் குரல் மீண்டும் கேட்கத் தொடங்கும்.