படிக்க ஒரு லிங்க், மாற்ற ஒரு பொத்தான்

1991-இல் பிரவுசர் சர்வரிடம் பேசியது ஒரே ஒரு வரிதான். 'கெட்' என்ற சொல், ஓர் இடைவெளி, வேண்டிய பக்கத்தின் பாதை. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த எச்டிடிபி முறை அது. அந்தப் பாதையில் இருந்த கோப்பைப் பெரும்பாலும் அப்படியே அனுப்பிவிட்டுச் சர்வர் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். லிங்க்கைத் தட்டினால் எந்தப் புரோகிராம் ஓட வேண்டும் என்ற கேள்விக்கே அங்கே பெரிதாக இடமில்லை.

அந்தக் கேள்வி 1993-இல் வந்தது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் மொசைக் பிரவுசர் உருவான அதே காலத்தில், ராப் மெக்கூல் எழுதிய சர்வரில் சிஜிஐ என்ற ஏற்பாடு பிறந்தது. 'சிஜிஐ-பின்' என்று ஒரு கோப்புறை. அதில் இருப்பவற்றை சர்வர் அனுப்பாது, ஓட்டும். மொசைக்கில் படிவங்களும் அதை ஒட்டியே வந்தன. படிவத்தின் 'ஆக்‌ஷன்' பண்பில் புரோகிராமின் முகவரியை எழுதிவிட்டால், பொத்தானை அழுத்தியதும் நிரப்பியதெல்லாம் அதற்குப் போய்ச் சேரும். 'பெயர்=ஜான்&ஊர்=நியூ+யார்க்' என்று ஒரே சரமாக, இடைவெளிகள் கூட்டல் குறிகளாக மாறிப் போகும். கெட் முறையில் அனுப்பினால் அந்தச் சரம் முகவரியின் வாலில் கேள்விக்குறிக்குப் பின் தொங்கும். 'போஸ்ட்' முறையில் அனுப்பினால் கோரிக்கையின் உள்ளே போகும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் அஞ்சல் வசதி அல்ல. கெட் என்பது எடுத்துப் பார்க்க மட்டுமே, அதனால் எதுவும் மாறக் கூடாது என்ற மரபை 1996-இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணமே எழுதி வைத்திருக்கிறது. லிங்க்கைத் தட்டினால் போவது கெட். படிவம்தான் போஸ்ட் அனுப்பும். இந்தச் சிறு விதியை எத்தனை பேர் பொருட்படுத்தவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

ரஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்ட பிஎச்பி மறுபடியும் கோப்பையே முகவரியாக்கியது. ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பு, நிரலும் அதற்குள்ளேயே. ஜாவா உலகம் வேறு வழியில் போனது. கிரெய்க் மெக்லனஹன் உருவாக்கி 2000-இல் அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைத்த ஸ்ட்ரட்ஸ் ஃபிரேம்வொர்க்கில், எந்த முகவரிக்கு எந்த வகுப்பு என்பதையெல்லாம் ஒரு பெரிய எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத வேண்டும். முகவரிகள் '.டூ' என்று முடியும். அந்த வாலைச் சில பழைய தளங்களில் இப்போதும் பார்க்கலாம்.

இந்த வரலாற்றில் மிகத் துணிச்சலான முயற்சி என்று வயாவெப்பைத்தான் சொல்ல வேண்டும். பால் கிரஹாமும் ராபர்ட் மோரிஸும் 1995-இல் தொடங்கிய இந்த நிறுவனம், கடைக்காரர்கள் பிரவுசர் வழியாகவே இணையக் கடை கட்டிக்கொள்ள வழி செய்தது. எழுதிய மொழி லிஸ்ப். கடைக்காரர் ஒரு நிறத்தை மாற்ற லிங்க்கைத் தட்டுவார். நிறப் பக்கம் வரும். தேர்ந்ததும் விட்ட இடத்துக்கே திரும்புவார். சாதாரண சிஜிஐ புரோகிராமுக்கு இது பெரும் தலைவலி. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக எழுந்து, பதில் தந்ததும் மடிந்துபோகும் புரோகிராமுக்கு 'விட்ட இடம்' என்று ஒன்று ஏது? வயாவெப்போ, அடுத்துச் செய்ய வேண்டிய வேலையை ஒரு குளோஷராக, அதாவது தேவையான தரவையும் சேர்த்துக் கட்டிய ஃபங்ஷனாக, நினைவகத்தில் வைத்து, அதன் சாவியை மட்டும் லிங்க்கில் பொதிந்து அனுப்பியது. எழுதுபவருக்கு அது ஒரு துணைநிரலை அழைத்துத் திரும்புவதுபோலத்தான் இருந்தது. 1998-இல் யாஹூ இந்த நிறுவனத்தை வாங்கியது.

அந்த உத்திக்கும் ஒரு விலை உண்டு. நினைவகத்திலிருந்து குளோஷர் போனால் லிங்க்கும் செத்தது. கிரஹாம் பின்னாளில் ஆர்க் மொழியில் உருவாக்கிய ஹாக்கர் நியூஸ் தளத்திலும் இதே உத்தி இருந்தது. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்து 'மேலும்' என்பதைத் தட்டியவர்கள், லிங்க் காலாவதியாகிவிட்டது என்ற செய்தியைப் பல ஆண்டுகள் கண்டார்கள்.

2004-இல் டேவிட் ஹைனமையர் ஹான்சனின் ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க் வந்தது. முகவரியின் முதல் துண்டு கன்ட்ரோலர், அடுத்தது ஆக்‌ஷன், மூன்றாவது, பதிவின் எண். பெயர்களைச் சரியாக வைத்தால் எக்ஸ்எம்எல்லே வேண்டாம். அடுத்த ஆண்டு கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றின் அலுவலகத்திலிருந்து ஜாங்கோ ஃபிரேம்வொர்க் வெளிவந்தது. அதில் எல்லா முகவரிகளும் ஒரே பட்டியலில், ரெகுலர் எக்ஸ்பிரஷன்களாக. '.பிஎச்பி', '.ஏஎஸ்பி' போன்ற வால்கள் முகவரியில் இருக்கவே கூடாது என்பது ஜாங்கோவின் கொள்கை. செய்தியின் முகவரி பல்லாண்டு நிலைக்க வேண்டிய பத்திரிகை அலுவலகத்தில் அப்படி ஒரு பிடிவாதம் பிறந்ததில் வியப்பில்லை.

2005 மே மாதம், பலர் பொருட்படுத்தாத அந்த கெட் விதி திருப்பி அடித்தது. கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர், பயனர் பார்க்கும் பக்கத்தில் உள்ள லிங்க்குகளை அவர் தட்டுமுன்பே எடுத்து வைத்துக்கொள்ளும். கெட் எதையும் மாற்றாது என்ற நம்பிக்கையில் கட்டிய கருவி. ஆனால் பல தளங்களில் 'அழி' என்பதும் வெறும் லிங்க்காகவே இருந்தது. 'நிச்சயமாகவா?' என்று கேட்கும் ஜாவாஸ்கிரிப்டை அந்தக் கருவி ஓட்டவே இல்லை. ஹான்சன் பணியாற்றிய 37சிக்னல்ஸ் நிறுவனம் அப்போதுதான் தொடங்கியிருந்த பேக்பேக் சேவையில், பயனர்களின் பக்கங்கள் தாமாகவே மறைந்தன. கூகுள்மீது கோபம் கிளம்பியது. விதியோ ஒன்பது ஆண்டுகளாக எழுத்தில் இருந்தது. பிழை லிங்க்கை அப்படி அமைத்தவர்களுடையதுதான்.

2007 ஜனவரியில் வந்த ரெயில்ஸ் 1.2 முகவரியைப் பொருளுக்கும், வினையை எச்டிடிபி முறைக்கும் பிரித்துக் கொடுத்தது. ராய் ஃபீல்டிங் 2000-இல் தன் முனைவர் ஆய்வேட்டில் ரெஸ்ட் என்று பெயரிட்ட சிந்தனையின் வழி இது. ஒரே முகவரி, கெட் வந்தால் காட்டு, 'டெலீட்' வந்தால் அழி. ஆனால் எச்டிஎம்எல் படிவத்துக்கோ கெட்டும் போஸ்ட்டும் மட்டுமே தெரியும். அதனால் ரெயில்ஸ் படிவத்துக்குள் மறைவாக ஒரு புலத்தை வைத்து, 'இதை டெலீட் என்று எடுத்துக்கொள்' என்று சொல்லி அனுப்பியது. லாராவெல் ஃபிரேம்வொர்க் இன்றும் அதையே செய்கிறது.

சினாட்ரா, ஃபிளாஸ்க் ஆகிய சிறு ஃபிரேம்வொர்க்குகள் முகவரியை அதற்குரிய நிரலின் தலைக்கு மேலேயே எழுத வைத்தன. 2023 அக்டோபரில் நெக்ஸ்ட்.ஜேஎஸ் ஃபிரேம்வொர்க்கின் 14-ஆம் பதிப்பு இன்னும் ஒரு படி போனது. படிவத்தின் ஆக்‌ஷனில் முகவரியே வேண்டாம். சர்வரில் ஓடும் ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்தால் போதும். பிரவுசருக்கு வரும் பக்கத்தைத் திறந்து பார்த்தால், மறைவான புலம் ஒன்றில் நீண்ட அடையாளக் குறி ஒன்று கிடக்கும். அந்த ஃபங்ஷனுக்கான சாவி அது. போஸ்ட் வழியாக மட்டுமே அதை ஓட்ட முடியும். தளத்தின் புதிய பதிப்பு ஏறும்போது அந்தச் சாவி மாறிப்போகலாம். அப்போது பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர் பொத்தானை அழுத்தினால், சர்வர் ஆக்‌ஷனைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பிழை பதிவாகிறது.