இடுப்புவரை ஒரு வீரன்

ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மனிதனைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். அவன் செயற்கைப் பிசினால் வார்க்கப்பட்டவன். டாங்கிப் படையைச் சேர்ந்தவன். அளவில் உண்மை மனிதனில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. கடையில் அவனை வாங்கிப் பெட்டியைத் திறப்பவர் முதலில் ஏமாற்றமடையக்கூடும். ஏனெனில், பல பெட்டிகளில் அவனுக்குக் கால்கள் இரா. தலையும் மார்பும் கைகளும் செவ்வனே அமைந்திருக்க, உருவம் இடுப்போடு முடிந்துவிடும். இது குறைபாடன்று. டாங்கியின் தலைவன் கோபுரத்தின் மேல்வாய் வழியே வெளியே எழுந்து நிற்பவன். அவனுடைய கீழ்ப்பாதி இரும்புக்குள் மறைந்திருப்பது. கண்ணுக்குத் தெரியாத காலை எதற்காகச் செதுக்க வேண்டும் என்பது சிற்பியின் கணக்கு.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குப் ‘பிசின்’ என்று எழுதும்போதெல்லாம் வேம்பும் கருவேலும் கண்முன் வந்து நிற்கின்றன. இங்கே குறிக்கப்பெறுவது மரத்தில் வடியும் பிசின் அன்று. பாலியூரித்தேன் போன்ற இரசாயனப் பொருள். வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை பிசின் என்றே சொல்லி மேற்செல்வோம்.

சிறு உருவங்களை நிறுத்திப் போரைக் காட்டும் கலை வெறும் விளையாட்டாக மட்டும் இருந்ததில்லை. இங்கிலாந்தின் படை அதிகாரி வில்லியம் சைபோர்ன் என்பவரின் கதையே இதற்குச் சான்று. 1815-இல் நடந்த வாட்டர்லூ போரை மாதிரியாக அமைக்கும் பணி 1830-இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் போர்க்களத்துக்கே சென்று, அங்குள்ள ஒரு பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி, மேட்டையும் பள்ளத்தையும் அளந்தார். போரில் கலந்துகொண்ட அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, மாலை ஏழு மணியளவில் தம் படை எங்கே நின்றது என்று வினவினார். இடையில் அரசாங்கத்தின் பண உதவி நின்றுபோயிற்று. அவர் கடன் வாங்கி வேலையை முடித்தார். பல்லாயிரக்கணக்கான உலோக உருவங்களைக் கொண்ட அம்மாதிரி 1838-இல் இலண்டனில் காட்சிக்கு வந்தது.

வந்ததும் வழக்கு எழுந்தது. அந்த மாலை நேரத்தில் களத்தில் நின்ற பிரஷ்யப் படையினர் எத்தனை பேர்? கிடைத்த கடிதங்களின்படி சைபோர்ன் அவர்களைப் பெருந்தொகையாக நிறுத்தியிருந்தார். வெற்றி முழுவதும் வெல்லிங்டன் பிரபுவுக்கே உரியது என்று கருதியோருக்கு அது உவப்பாக இல்லை. முடிவில் பிரஷ்ய உருவங்களுள் பெரும்பகுதி மாதிரியிலிருந்து அகற்றப்பட்டன. சைபோர்ன் 1849-இல் காலமானார். பட்ட கடன் அவரை இறுதிவரை வருத்திற்று. மாதிரி இன்றும் இலண்டனிலுள்ள தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விரல்நுனியளவு உருவத்தை மேசையில் வைப்பதும் எடுப்பதும் வரலாறு எழுதும் செயலே என்பதை அந்நாளிலேயே பெரியோர் உணர்ந்திருந்தனர் போலும்.

அதன் பின் உருவங்கள் குழந்தைகளின் கைக்கு வந்தன. 1893-இல் வில்லியம் பிரிட்டன் என்பவரின் இலண்டன் தொழிலகம், உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியவுடன் நடுவிலுள்ளதைத் திரும்ப வடித்துவிடும் முறையைக் கையாண்டது. உள்ளே வெற்றிடமான வீரன் விலை மலிந்தான். நடுத்தர வீடுகளிலும் அணிவகுத்தான்.

டாங்கி தோன்றியது 1916 செப்டம்பர் 15-ஆம் நாள், பிரான்சின் சோம் போர்முனையில். முதல் டாங்கிகளில் எட்டுப் பேர் அடைந்து கிடந்தனர். அவர்களுள் நால்வர் வண்டியைச் செலுத்துவதற்கே தேவைப்பட்டனர். குண்டு பட்டால் உட்சுவரிலிருந்து தெறிக்கும் சிம்புகளுக்கு அஞ்சி, இரும்பு வளையங்கள் தொங்கும் முகமூடி அணிந்தனர். இரண்டாம் உலகப் போரில் ஷெர்மன், பான்தர் போன்ற டாங்கிகளில் ஐவர் ஏறினர்: தலைவன், குறிபார்ப்பவன், குண்டு நிரப்புபவன், ஓட்டுபவன், அவனுக்கு அருகில் வானொலியோ இயந்திரத் துப்பாக்கியோ பார்ப்பவன். ரஷ்யாவின் டி-34 வண்டியின் முந்திய வகையில் நால்வரே. தலைவனே பீரங்கியையும் குறிபார்க்க வேண்டியிருந்ததால் களத்தைக் கவனிக்க அவனுக்கு நேரம் போதவில்லை.

முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்னும் அளவு எப்படி வந்தது? ஜப்பானில் ஷிசுவோக்கா நகரிலுள்ள தமியா நிறுவனம் 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கியது. பின்னர் மரப் பொம்மைகளுக்கும் அப்பால் பிளாஸ்டிக்குக்கும் வந்தது. 1961-இல் அது செய்த பான்தர் டாங்கி மின்கலத்தால் ஓடுவது. உள்ளே மின்கலங்கள் அடங்க வேண்டிய அளவுக்கு வண்டியை அமைத்துவிட்டு, பிறகு அளந்து பார்த்தபோது அது உண்மை வண்டியில் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது! அந்தத் தற்செயலே உலகெங்கும் விதியாயிற்று. 1968-இல் அந்நிறுவனம் படைவீரர் உருவ வரிசையைத் தொடங்கியபோது முதலில் வந்தவர்கள் ஜெர்மன் டாங்கி வீரர்களே.

பிளாஸ்டிக் உருவத்துக்கு எஃகு அச்சு வேண்டும். அதன் விலை மிகுதி. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் முதல் திரும்பும். ஆகவே எல்லாரும் கேட்கும் உருவங்களே வெளிவந்தன. பிசின் இந்தக் கட்டை அவிழ்த்தது. சிற்பி மெல்லிய கம்பியை வளைத்து எலும்புக்கூடாக்கி, அதன்மேல் இறுகும் பசையைப் பொருத்தி, ஊசிமுனையால் சட்டை மடிப்பையும் கண்ணிமையையும் கீறுகிறான். அந்த மூல உருவைச் சூழ சிலிக்கோன் ரப்பரை ஊற்றினால் அச்சு ஆயத்தம். எஃகு வளையாது, ரப்பரோ வளைந்து கொடுக்கும். அதனால் காலரின் உட்புறம், காதோரம் தொங்கும் ஒலிக்கருவியின் கம்பி ஆகிய குடைவான இடங்களும் சிதையாமல் வெளிவரும். இரு திரவங்களைக் கலந்து ஊற்றினால் சில நிமிடங்களில் உருவம் இறுகிவிடும். காற்றுக் குமிழி ஒன்று தங்கினாலும் மூக்கு நுனி போய்விடுமாதலின், வெற்றிடக் கலத்திலோ அழுத்தக் கலத்திலோ வைப்பர். ரப்பர் அச்சு சில பத்து வார்ப்புகளிலேயே தேய்ந்துவிடும். அதனால் என்ன? ஐம்பது பேர் மட்டுமே விரும்பும் உருவத்தையும் ஒருவர் தம் வீட்டறையிலேயே செய்யலாம். 1980-களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பிரான்சுவா வெர்லின்டன் போன்றோர் இத்தொழிலை வளர்த்தனர். இப்போது கணினியில் மூல உருவைச் செதுக்கி அச்சிடுவோரும் பலர். இதை ஆர்வத்தோடு செய்யும் இளைஞர்களுக்கு ஒரு சொல்: இறுகிய பிசினை உரசும்போது எழும் தூசி நுரையீரலுக்கு ஆகாது, நனைத்து உரசுக.

ஆயினும் கடைகளில் நாம் கண்ட அளவில், பெட்டிக்குப் பெட்டி ஜெர்மன் டாங்கி வீரனின் கறுப்புடையே தென்படுகிறது. 1934-இல் வந்த உடை அது. எண்ணெய்க் கறை தெரியாதிருக்கக் கறுப்பு; காலரில் பழைய பிரஷ்யக் குதிரைப் படையிலிருந்து வந்த மண்டையோட்டுச் சின்னம். பார்க்க மிடுக்கானதுதான். அந்த உடை எத்தகைய அரசுக்காகப் போரிட்டது என்பதைப் பெட்டியின் மேலுள்ள சித்திரம் சொல்வதில்லை. நிறத்தை இழைபிசகாது தீட்டும் கை அதையும் அறிந்து தீட்டுவது நலம்.

நமக்கு அதைவிட வருத்தம் தருவது இன்னொன்று. டாங்கிப் போர் நம் நாட்டு மண்ணிலும் நடந்தது. 1944 ஏப்ரல் 13-ஆம் நாள், இம்பால் பள்ளத்தாக்கின் ஓரத்தில் நுங்ஷிகம் என்னும் குன்றை ஜப்பானியர் பிடித்து வைத்திருந்தனர். தரையிலிருந்து ஆயிரம் அடிக்கு எழுந்த செங்குத்தான மேடு அது. அதன்மேல் டாங்கி ஏறும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பிரிட்டிஷ் காரபினியர் படையின் லீ டாங்கிகள் ஏறின. பக்கத்தில் 17-ஆம் டோக்ரா படையின் முதல் பட்டாளம் நடந்தது. குறுகிய முகட்டில் வழி தெரிய வேண்டுமானால் தலைவன் மேல்வாயைத் திறந்து வெளியே நின்றே பார்க்க வேண்டும். நின்றார்கள், ஒருவர் பின் ஒருவராகச் சுடப்பட்டார்கள். டாங்கி அதிகாரிகள், காலாட்படையின் பிரிட்டிஷ் அதிகாரிகள் அனைவரும் மாண்டோ காயமுற்றோ விழுந்தனர். பின்னர் டாங்கிகளைச் சார்ஜண்ட் மேஜர் கிராடக்கும், டோக்ராக்களைச் சுபேதார் ரண்பீர் சிங்கும் நடத்திக் குன்றைக் கைப்பற்றினர். அதே இம்பால் களத்தில் ஸ்டூவர்ட் டாங்கிகளுடன் போரிட்ட இந்தியரின் 7-ஆம் லைட் காவல்ரி, 1784-இல் சென்னை கிண்டியில் எழுப்பப்பெற்ற குதிரைப் படையின் வழிவந்தது என்பதையும் நேயர்கள் அறிவார்களாக.

தில்லியில் நம் அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் இந்த நுங்ஷிகத்தைத்தான் ஒரு பலகைமேல் அமைத்து வருகிறார். டோக்ரா வீரர் உருவம் கிடைக்காமையால், பிரிட்டிஷ் காலாட்படை உருவங்களின் முகங்களைச் சுரண்டி, பசையால் மீண்டும் செதுக்குகிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் டாங்கித் தலைவனின் பாதி உருவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். மேல்வாயில் அவனை எவ்வளவு உயரத்தில் ஒட்டுவது என்பதே அவர் ஐயம். கண் மட்டும் தெரியவா, கழுத்துவரையா? சரிவு எவ்வளவு என்று கேட்டோம். பலகையைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். டாங்கியின் முன்மூக்கு வானத்தை நோக்கிற்று. உள்ளிருந்து பார்த்தால் பாதை தெரியாது. மறுநாள் மாலை போய்ப் பார்த்தபோது உருவத்தை மார்புவரை வெளியே தெரியுமாறு ஒட்டி முடித்திருந்தார்.