ரங்கூன் ஜெட்டியில் மூட்டை சுமந்தவர்கள்



நம் ஊத்துக்கோட்டையைக் கடந்து ஓடும் ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் சேர்கிறது. ஏரிக்கு அப்பால் வங்கக் கடல். அந்தக் கடலின் அக்கரையில் இன்னோர் ஆற்றங்கரை இருக்கிறது. கடலிலிருந்து உள்ளே தள்ளி, ஆற்றின் கரையில் அமைந்த ரங்கூன் துறைமுகம். நம் தாத்தா பாட்டிகள் ‘ரங்கோன்’ என்று சொன்ன ஊர். இன்றைய பேச்சு அந்தத் துறைமுகத்தைப் பற்றியது.

1852 போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் பெரிய சந்தை கிடைத்தது. அந்த அரிசியை ஆலையில் அரைக்கவும், மூட்டை கட்டவும், கப்பலில் ஏற்றவும் ஆள் தேவைப்பட்டது. ஆள் எங்கே கிடைத்தது? பஞ்சமும் பண்ணையடிமையும் வாட்டிய சென்னை மாகாணத்தில். 1876-78 பஞ்சத்தைத் தாண்டி உயிர் பிழைத்த சேரிகளுக்கு, கப்பல் என்பது ஆண்டையின் களத்திலிருந்து வெளியேறும் வழி. நிலமில்லாதவனுக்கு ஊரில் விட்டுப்போக என்ன இருந்தது?

ஆனால் அந்த வழியின் வாசலில் மேஸ்திரி நின்றான். கப்பல் கட்டணமும் முன்பணமும் கொடுத்து ஆள் பிடித்தான். கப்பல் கம்பெனி சரக்கேற்றும் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும்; அவர் மேஸ்திரிக்குக் கொடுப்பார்; மேஸ்திரி தன் பங்கையும் கடனையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கூலிக்காரன் கையில் வைப்பான். இறங்கிய அன்றே கடனாளி. கப்பல் வந்தால் வேலை, வராத நாளில் பட்டினி. ஓர் அறைக்குள் அளவுக்கு மீறி அடைந்து கிடந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் தெருவில் படுத்தார்கள். 1931 கணக்கெடுப்பின்படி சுமார் 4 லட்சம் பேர் வாழ்ந்த ரங்கூனில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். துறைமுகக் கூலிகளில் பெரும்பாலோர் தெலுங்கர்கள். நம் ஊர்ச் சந்தையில் தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கிறதே, அப்படித்தான் அந்த ஜெட்டியும் ஒலித்திருக்கும்.

இதே துறைமுகத்தில்தான் நாம் பெருமையோடு சொல்லும் ஒரு பெயரும் எழுந்தது. சென்னை வேப்பேரியில் பிறந்த பெ.மா. மதுரைப்பிள்ளை ரங்கூனில் துபாஷாகத் தொழில் செய்து, சொந்தக் கப்பல் வைக்கும் அளவுக்கு உயர்ந்தார். தமிழ்ப் புலவர்களை ஆதரித்தார். அவருடைய பேத்தி மீனாம்பாள் 1904இல் ரங்கூனில் பிறந்தவர். பின்னாளில் மீனாம்பாள் சிவராஜாக நம் அரசியலை வழிநடத்தியவர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு ரங்கூனில் கிளை இருந்தது. 1907இல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அங்கேயும் வாசிக்கப்பட்டது. சேரியில் பிறந்தவன் எழுத்தும் பணமும் மதிப்பும் பெற, கடலுக்கு அப்பால் ஓர் இடம் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் தோழர்களே, கப்பல் வைத்திருந்தவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. கப்பலில் மூட்டை ஏற்றியவரின் பெயர் தெரியவில்லை. அவர் அறிக்கைகளில் ஓர் எண்ணிக்கையாக மட்டுமே இருக்கிறார். மதுரைப்பிள்ளையைக் கொண்டாடுவதோடு நின்றுவிட்டால், நாம் எழுதுவதும் பாதி வரலாறுதான்.

மீதிப் பாதியில் 1930 மே மாதம் இருக்கிறது. துறைமுகக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாயாக இருந்த கூலியை இரண்டு ரூபாயாக உயர்த்தக் கேட்டார்கள். ஒப்பந்தக்காரர்கள் வேலையில்லாத பர்மியர்களை அழைத்து வந்து வேலை வாங்கினார்கள். பிறகு கூலியை ஒன்றேமுக்கால் ரூபாயாக உயர்த்தச் சம்மதித்து, பழைய ஆட்களைத் திரும்ப அழைத்தார்கள். மே 26 காலையில் வேலைக்கு வந்த பர்மியர்களுக்கு இனி வேலை இல்லை என்றானது. ஜெட்டியில் தொடங்கிய கைகலப்பு நகரமெங்கும் கலவரமாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியக் கூலிகள். இரண்டு ஏழைகளையும் மாறி மாறிப் பயன்படுத்திய முதலாளிக்கு ஒரு கீறலும் இல்லை. பர்மியர் நம்மவரைக் ‘கலா’ என்று இழித்துச் சொன்னார்கள். நம்மவருக்கும் பர்மியர் எதிரியாகவே தெரிந்தார். கூலியைத் தீர்மானித்தவன் இருவர் கண்ணிலும் படவில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தன. கூலிகள் ஓடினார்கள், துறைமுகம் ஓய்ந்தது. கப்பலில் இடம் காசுள்ளவர்களுக்கே கிடைத்தது. மற்றவர்கள் மலையும் காடும் கடந்து நடந்தார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள் என்பது மதிப்பீடு. பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டார்கள். எஞ்சியிருந்தவர்களில் பலர், 1964இல் நே வின் அரசு கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கிய பிறகு, வெறுங்கையோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். வியாசர்பாடியின் பர்மாத் தமிழர் குடியிருப்புகள் அப்படி உருவானவை.

மாணவத் தோழர்களே, இதை ஏன் இன்று ஊத்துக்கோட்டையில் பேசுகிறேன்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஓர் அறையில் அடைந்து கிடக்கிறார்கள். மேஸ்திரியின் இடத்தில் இன்று காண்ட்ராக்டர் நிற்கிறார். வந்தவர்களிலும் நிலமற்ற தலித்துகள், ஆதிவாசிகள் இருக்கிறார்கள். நம் பையன்களோ ‘வடக்கன் வந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டான்’ என்கிறார்கள். ரங்கூனில் ‘கலா’ என்ற சொல் செய்த வேலையை இங்கே ‘வடக்கன்’ என்ற சொல் செய்கிறது. அன்று அந்தச் சொல்லைக் கேட்டவன் நம் பாட்டன். இன்று சொல்பவன் அவனுடைய பேரனாக இருக்கலாமா? உள்ளூர் ஆளுக்கு நிரந்தர வேலை வேண்டும் என்று கேட்போம்; அது நியாயம். வந்தவனுக்கும் அதே கூலி வேண்டும் என்று சேர்த்துக் கேட்டால்தான் அந்த நியாயம் முழுமையாகும்.

உங்கள் வீட்டில், தெருவில், வியாசர்பாடி உறவுக்காரர் வீட்டில் பர்மா போய் வந்தவர்களின் கதை இருக்கும். பழைய கடிதம், கப்பல் சீட்டு, புகைப்படம் இருக்கலாம். கேட்டு எழுதி வையுங்கள். துறைமுகப் பதிவேடு எழுதாத பெயர்களை நாம்தான் எழுத வேண்டும்.

ஜெய்பீம்.