இலவசம் வேறு, பொது வேறு: தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வந்த கதை

பேராதனை கெம்பஸுக்குள் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி இலங்கைக்கு வந்தபோது, அவருடைய கணவர் பிலிப் இளவரசர்தான் பல்கலைக்கழகத்தைத் திறந்துவைத்தார். ஆனால் பேராதனையில் 1952இலேயே படிப்பு தொடங்கியாயிற்று. ஏற்கெனவே திறந்து கிடக்கிற இடத்தை எப்படித் திறப்பது? மனுஷன் பகிடியாக, இது வழமையைவிடக் கூடுதலாகத் திறந்திருக்கிறது என்று அறிவித்துவிட்டார். அதையே கல்லிலும் வெட்டி வைத்துவிட்டார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி, கண்டியில் மாறினால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நிற்கலாம். முதல் தடவை வாசித்தபோது நானும் சிரித்தேன். பிறகுதான் அம்மாயி ஞாபகம் வந்தது. 1954இல் அம்மாயிக்கு எட்டு வயது. ஹேவாஹெட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்தில் இருந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்குப் பிறகு கொழுந்துக் கூடை. இன்றைக்கும் தன் பெயரை எழுதுவார், அதற்கு மேல் தெரியாது. கேட்டால், "எங்க காலத்துல பள்ளிக்கூடம் இருந்துச்சு, படிப்புத்தான் இல்ல" என்பார்.

இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது என்று நாம் எல்லாரும் வரலாற்றுப் பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, புள்ளியும் வாங்கியிருக்கிறோம். அப்படியானால் அதற்கு ஒன்பது வருஷம் கழித்தும் அம்மாயிக்கு அது ஏன் வந்து சேரவில்லை?

கன்னங்கரா திறந்த கதவு

முதலில் 1945இல் உண்மையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். அதற்கு முன்னரும் சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. கட்டணம் இருந்தது ஆங்கிலப் பாடசாலைகளில். அரசாங்க உத்தியோகம், சட்டம், வைத்தியம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் வேண்டும். ஆகவே ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இலவசமாகக் கிடைத்தது, ஆனால் அது எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்கிற பள்ளிக்கூடத்துக்குக் காசு வேண்டும்.

1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தது. அந்த அரசாங்க சபையில் கல்வி அமைச்சரானவர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. அம்பலாங்கொடைக்குப் பக்கத்தில் பிறந்து, புலமைப்பரிசில் கிடைத்ததால் காலி ரிச்மண்ட் கல்லூரியில் படிக்க முடிந்தவர். அந்த அனுபவம் சும்மா போகவில்லை. 1940 தொடக்கம் கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்களைத் திறந்தார். 1943இல் அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை வந்தது. எங்கள் கண்டி மாவட்டத்தின் தும்பறைத் தொகுதி உறுப்பினர் ஏ. ரத்நாயக்கவும், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இருக்கக் கூடாது என்று வலியுறுத்தியவர்களில் ஒருவர். பெரிய கல்லூரிகளை நடத்தியவர்களிடமிருந்தும் ஆங்கிலப் பத்திரிகைகளிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. இருந்தும் 1945 ஒக்டோபர் 1இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டே வருஷத்தில், 1947 தேர்தலில், கன்னங்கரா மத்துகமயில் தோற்றுப்போனார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் வாக்கு வந்தது, பதினான்கு வருஷத்தில் பள்ளிக்கூடம் வந்தது. சாதாரண சனத்தின் வாக்கை நம்பி நிற்கிற அரசியல்வாதிக்குத்தான் சாதாரண சனத்தின் பிள்ளை என்ன படிக்கிறது என்ற கவலை வரும்.

துரையின் பள்ளிக்கூடம்

இப்போது தோட்டத்துக்குப் போவோம்.

தோட்டத்தில் பள்ளிக்கூடமே இல்லை என்று சொல்ல முடியாது. 1920இல் வந்த கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புக் கொடுப்பதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமை ஆக்கியது. அரசாங்கம் நன்கொடைப் பணமும் கொடுத்தது. கட்டணமும் கிடையாது. அதாவது, 'இலவசக் கல்வி' என்ற சொல்லை மட்டும் வைத்துப் பார்த்தால், தோட்டத்துக்கு அது 1945க்கு முன்னரே வந்துவிட்டது!

ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் யாருடையது? துரையுடையது. கட்டடம் தோட்டத்தின் கட்டடம், பல இடங்களில் ஒரே ஒரு அறை. ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. அந்த வாத்தியாருக்கும் சம்பளம் தோட்டம்தான். விடிய பிரட்டுக்கு ஆள் எடுப்பதும், பிள்ளைக்காம்பராவை நடத்துவதும், பள்ளிக்கூடம் வைப்பதும் ஒரே நிர்வாகத்தின் வேலை. அதற்குத் தேவை கொழுந்து பறிக்கிற கை. சட்டம் சொன்ன வயது பத்தோடு முடிகிறது, அந்த வயதில்தான் பிள்ளையின் கை மலையில் பிரயோசனப்படத் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வைத்தால் துரைக்கு என்ன லாபம்? அவர் கெட்டவராக இருந்திருக்க வேண்டும் என்றில்லை. நல்ல துரைகளும் இருந்திருப்பார்கள். ஆனால் பிள்ளையின் படிப்பு, அந்தப் பிள்ளையின் உழைப்பால் வாழ்கிறவரின் நல்ல மனதில் தொங்கிக்கொண்டிருந்தது.

இலவசம் வேறு, பொது வேறு என்று நான் சொல்வது இதைத்தான். காசு வாங்காமல் யாரும் பள்ளிக்கூடம் நடத்தலாம். அது சரியில்லை என்றால் போய்க் கேட்கிற உரிமை நமக்கு இருந்தால்தான் அது பொதுப் பள்ளிக்கூடம்.

1947இல் கல்விச் சட்டத்தைத் திருத்தி, தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்க வழி வைத்தார்கள். அதே வருஷத் தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அப்படியே தொடர்ந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம். ஆனால் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருஷம் வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாத சனத்தின் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாருக்குக் கவலை? அரசாங்கம் பொறுப்பெடுத்தது சொற்பப் பள்ளிக்கூடங்களைத்தான். 1960, 61இல் உதவி பெற்ற பாடசாலைகளை நாடு முழுக்க அரசு கையேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியேதான் நின்றன. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதியது. நாளைக்குக் கப்பல் ஏறப்போகிற பிள்ளைக்கு இன்றைக்கு எதற்குக் கட்டடம் என்றாயிற்று.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாகக் கண்டிச் சீமைக்கு வந்தார்கள். மாத்தளையிலிருந்து கண்டிக்கு வருகிற பாதை இன்றும் கட்டுகஸ்தோட்டையில்தான் மகாவலியைக் கடக்கிறது. அவர்கள் விட்டு வந்த தமிழ்நாட்டுக் கிராமங்களில், 1950களில் காமராசர் ஆட்சி ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்து மதிய உணவும் போட்டது. கண்டிச் சீமையில் கன்னங்கராவின் மத்திய கல்லூரிகள் எழுந்தன. இரண்டுக்கும் நடுவில் லயத்துப் பிள்ளை ஐந்தாம் வகுப்போடு நின்றது.

கதவு திறந்த பிறகு

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. அதற்குப் பிறகு, 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் தோட்டப் பாடசாலைகள் வரிசையாகக் கல்வித் திணைக்களத்தின் கைக்கு வந்தன. 1945இலிருந்து எண்ணினால் முப்பது வருஷத்துக்கு மேல்.

அதற்குப் பிறகு நடந்தது சின்ன விஷயமில்லை. சுவீடன் உதவியோடு கட்டடங்கள் வந்தன. தோட்டத்து இளைஞர்களுக்கே ஆசிரியர் நியமனம் கிடைத்தது. ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. இதற்கு முன்னரே வழி காட்டியவர்கள் உண்டு. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் 1960களிலேயே ஒரு தலைமுறையை எழுதவும் பேசவும் வைத்தார்கள். ஆனால் ஹட்டனுக்குப் போக வசதியில்லாத பிள்ளைக்கு, லயத்துக்குப் பக்கத்திலேயே அரசாங்கப் பள்ளிக்கூடம் வந்தபோதுதான் வாழ்க்கை மாறியது.

எங்கள் அம்மா அப்படி மாறியவர். அரசாங்கம் எடுத்த பள்ளிக்கூடத்தில் படித்து, ஓ.எல். பாஸ் பண்ணி, டீச்சர் ஆனார். நியமனக் கடிதம் வந்த அன்று அம்மாயி அதை வாங்கிச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாராம். என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவைத்தான் வாசித்துக் காட்டச் சொன்னாராம், இரண்டு தடவை.

இப்போது நாம்

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு? கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் நின்று சுவரைப் பாருங்கள், எவ்வளவு டியூஷன் போஸ்டர்! மத்திய கல்லூரிக்கு ஏழைப் பிள்ளைகளைத் தெரிவு செய்யத் தொடங்கிய புலமைப்பரிசில் பரீட்சைக்கே இப்போது தாய்மார் கடன் வாங்கி கிளாஸுக்கு அனுப்புகிறார்கள். மலையகத்தில் உயர்தரத்துக்குத் தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கிற பாடசாலைகள் இன்னமும் போதாது. கட்டணம் இல்லைதான். ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்கிற படிப்புக்குத் திரும்பவும் காசு வேண்டியிருக்கிறது. 1945க்கு முன்னர் இருந்த நிலைமையும் ஏறத்தாழ இதுதானே?

டியூஷனுக்குப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் போனவன்தான். ஆனால் அம்மாவிடம் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது முடியாது. அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு பள்ளிக்கூடம் மட்டும்தான். அங்கே விஞ்ஞானத்துக்கு டீச்சர் இல்லை என்றால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய்க் கேட்கலாம். அம்மாயியின் அப்பாவுக்குக் கேட்கப் போக இருந்த ஒரே இடம் துரையின் ஆபீஸ்தான். நமக்கு இப்போது வாக்கும் இருக்கிறது, எழுதவும் தெரியும். கேட்காமல் இருப்பதற்கு நியாயம் இல்லை.

ஒரு சின்ன வேலை தருகிறேன். இந்த வாரம் வீட்டில் இருக்கிற மூத்தவர்களிடம், எத்தனையாம் வகுப்போடு படிப்பை விட்டார்கள், ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அந்த வருஷத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் 1945 என்று இருக்கும். உங்கள் வீட்டில் அது எந்த வருஷம் என்று எங்களுக்கும் எழுதுங்கள்.