பனிவெளியில் நின்றுபோன எஞ்சின்: ஸ்னோமொபைலும் நம்பகத்தன்மை என்ற சொல்லின் நூறாண்டும்

வட அமெரிக்காவில் பனிக்காலம் முடியும் தறுவாயில் அடுத்த பருவத்துக்குரிய ஸ்னோமொபைல் மாதிரிகள் அறிவிக்கப்படுவது வழக்கம். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே ஒப்பீட்டு அட்டவணைகளும் வெளிவந்துவிடும். எஞ்சினின் கொள்ளளவு, குதிரைத்திறன், எடை, பட்டையின் நீளம், விலை என ஒவ்வொன்றும் எண்ணாக மாறி அருகருகே நிற்கும். வாங்குபவரின் மனத்தில் முதலில் எழும் கேள்விக்கு மட்டும் அந்த அட்டவணையில் கட்டம் இருப்பதில்லை: ஊரைவிட்டு 30 கிலோமீட்டர் தள்ளி, உறைகுளிரில், இந்த எஞ்சின் நின்றுபோனால் என்ன ஆகும்?

இந்த விடுபடலுக்குக் காரணம் உண்டு. குதிரைத்திறனைத் தொழிற்சாலையிலேயே அளந்துவிடலாம். நம்பகத்தன்மையோ பல பருவங்கள் ஓடிய பிறகே தெரியவரும். தெரியவரும்போது அந்த மாதிரி விற்பனையில் இராது. ஆனால் ஸ்னோமொபைலின் நூறாண்டு வரலாற்றை நோக்கினால் இதனினும் ஆழமான காரணம் ஒன்று புலப்படும். நம்பகத்தன்மை என்பது எஞ்சினுக்குள் மட்டும் இருக்கும் பண்பு அன்று. எஞ்சின், அது ஓடும் நிலம், அதைப் பழுதுபார்க்கும் கை ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவு அது. அந்த உறவு மாறிய ஒவ்வொரு முறையும் சொல்லின் பொருளும் மாறியிருக்கிறது.

தொடக்கத்தில் இம்மூன்றும் ஒரே ஊரில் இருந்தன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சேனர் என்னும் சிற்றூரைச் சேர்ந்த கார்ல் எலியாசன் 1924இல் தம் முதல் வண்டியை அமைத்தார். காலில் குறைபாடு இருந்ததால் பனியில் நண்பர்களுடன் வேட்டைக்குச் செல்ல அவரால் இயலவில்லை. நீண்ட சறுக்குப் பலகை ஒன்றில், படகுகளுக்கு வெளிப்புறம் மாட்டும் ஜான்சன் எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார். அதன் திறன் 2.5 குதிரைத்திறன். மிதிவண்டியின் உதிரிபாகங்களும் ஃபோர்டு மாடல்-டி காரின் ரேடியேட்டர் துண்டும் அதில் இடம்பெற்றன. 1927இல் காப்புரிமை கிடைத்தது. வண்டியைச் செய்தவர், ஓட்டியவர், பழுதுபார்த்தவர் மூவரும் ஒருவரே.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்னும் ஊரில் பழுதுபார்ப்புக் கடை நடத்திவந்த ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியேயின் கதை இதனினும் துயரமானது. 1934 ஜனவரியில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. சாலைகள் பனியால் மூடிக் கிடந்தமையால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை, குழந்தை இறந்தது. பதினைந்து வயது முதலே பனியில் ஓடும் வண்டிகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்த தந்தைக்கு அதன்பின் அது விளையாட்டு முயற்சியாக இருக்கவில்லை. ரப்பர் பூசிய பற்சக்கரமும் அது இழுக்கும் பட்டையும் கொண்ட அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரும் பி-7 என்னும் பனிப்பேருந்து பிறந்தது. மருத்துவர்களும் அஞ்சல்காரர்களும் அத்தகைய வண்டிகளில் பயணம் செய்தனர். அதில் ஃபோர்டு காரின் எஞ்சினே இருந்தது. கார் பழுதுபார்க்கத் தெரிந்தவர் எவரும் அதைத் திறந்து பார்க்க முடிந்தது. நோயாளி மருத்துவரை அடைவாரா என்பதே அன்றைய நம்பகத்தன்மையின் பொருள்.

1948இல் கியூபெக் அரசு பனிக்காலத்தில் சாலைகளைத் துப்புரவாக வைத்திருக்க முடிவெடுத்தபோது இப்பேருந்துகளின் விற்பனை சரிந்தது. பொம்பார்டியே சாலையே இல்லாத நிலங்களை நோக்கித் திரும்பினார். 1959இல் ஸ்கி-டூ என்னும் சிறு வண்டி வெளிவந்தது: முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் அகன்ற ரப்பர் பட்டை, நடுவே ஓரிருவர் அமரும் இருக்கை. அதன் எஞ்சின் கோலர் நிறுவனத்தின் 7 குதிரைத்திறன் நான்குவீச்சு எஞ்சின் என்பது கவனத்திற்குரியது. 1962 முதல் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனம் எஞ்சின்களை அனுப்பத் தொடங்கியது. விரைவிலேயே டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு எஞ்சின் ஸ்னோமொபைலின் இயல்பான இதயமாகிவிட்டது.

இம்மாற்றத்துக்குத் தொழில்நுட்ப நியாயம் இருந்தது. இருவீச்சு எஞ்சினில் வால்வுகள் இல்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் ஆற்றல் பிறக்கிறது. அதே எடைக்குக் கூடுதல் திறன் கிடைக்கிறது. மெத்தென்ற பனியில் எடையே முதல் எதிரி. மசகெண்ணெய் எரிபொருளுடன் கலந்தே செல்வதால், அடித்தொட்டியில் எண்ணெய் குளிரில் கெட்டியாகி எஞ்சினை இறுக்கிப்பிடிக்கும் தொல்லையும் இல்லை. கயிற்றை இழுத்தால் கிளம்பிவிடும்.

ஆனால் அதன் பலவீனங்களும் குளிரிலேயே பிறந்தவை. காற்று குளிரக் குளிர அடர்த்தி கூடும். அதற்கேற்ப எரிபொருள் கூடாவிட்டால் கலவை மெலிந்து, பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். ஆகவே தட்பவெப்பமும் உயரமும் மாறும்போதெல்லாம் கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றியாக வேண்டும். எஞ்சினைச் சூடேற்றாமல் முடுக்கினால் பிஸ்டன் விரைந்து விரிய, உருளை குளிர்ந்தே இருக்க, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நீரால் குளிரூட்டப்படும் எஞ்சின்கள் வந்தபோது வேறொரு முரண் தோன்றியது. அவற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்வது பட்டை வாரியடிக்கும் பனி. வெறும் பனிக்கட்டியின்மேல் ஓடினால் தளர்பனி கிடைக்காது; உறைகுளிரின் நடுவே எஞ்சின் கொதித்துப்போகும். விசிறியால் குளிரூட்டப்படும் பழைய எஞ்சின் திறனில் குறைந்ததாயினும் இத்தொல்லை அறியாதது. இவ்வாறு, எந்த எஞ்சின் சிறந்தது என்ற கேள்விக்கு எந்த நிலத்தில் என்று திருப்பிக் கேட்காமல் விடை கூற இயலாத நிலை அன்றே உருவாகிவிட்டது.

விற்பனையாளர்கள் வேறு வகை விடையைத் தேடினர். மினசோட்டா மாநிலத்தின் ரோசோ நகரில் போலாரிஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான எட்கர் ஹெட்டீன் 1960இல் அலாஸ்காவின் பெத்தலிலிருந்து ஃபேர்பாங்க்ஸ் வரை ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட தொலைவைச் சிறு குழுவுடன் ஸ்னோமொபைலில் கடந்தார். இப்பயணம் அவருடைய பங்காளிகளுக்கு உவப்பாக இல்லை. அவர் விலகிச் சென்று தீஃப் ரிவர் ஃபால்ஸ் நகரில் தொடங்கிய நிறுவனமே பின்னர் ஆர்க்டிக் கேட் ஆயிற்று. 1968 ஏப்ரலில் மினசோட்டாவின் காப்பீட்டு முகவர் ரால்ஃப் பிளைஸ்டெட் தலைமையிலான குழு ஸ்கி-டூ வண்டிகளில் வட துருவத்தை அடைந்தது. அமெரிக்க விமானப்படை விமானம் அவர்களது இருப்பிடத்தை உறுதிசெய்தது. முந்தைய ஆண்டின் முயற்சி தோல்வியில் முடிந்திருந்தது. இத்தகைய பயணங்கள் எஞ்சினின் உறுதிக்குச் சான்றாக விளம்பரங்களில் இடம்பெற்றன. ஆனால் அக்குழுவினரின் பின்னால் உதிரிபாகங்களும் எரிபொருளும் சுமந்துவந்த விமானங்கள் இருந்தன. சாதாரண வாங்குநருக்கு அந்த விமானம் வராது.

அந்த விமானம் வராத நிலத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைப் பதிவுசெய்தவர் மானிடவியலாளர் பெர்ட்டி பெல்டோ. ஃபின்லாந்தின் வடகோடியில் செவெட்டியார்வி வட்டாரத்து ஸ்கோல்ட் சாமி மக்கள், போரில் தம் பழைய நிலம் சோவியத் ஒன்றியத்தின் வசம் போனபின் அங்குக் குடியமர்த்தப்பட்டவர்கள், கலைமான் மேய்ப்பவர்கள். அவர்களிடையே முதல் ஸ்னோமொபைல் 1960களின் தொடக்கத்தில் வந்தது. பத்தாண்டுக்குள் அது ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் பரவிவிட்டது. 1973இல் வெளிவந்த பெல்டோவின் நூல் இந்தப் பத்தாண்டை ஆராய்கிறது.

பயணம் விரைவானது, கடைத்தெருவும் மருத்துவமும் நெருங்கிவந்தன. அதே வேளையில் எஞ்சினின் இரைச்சலுக்கும் துரத்தலுக்கும் அஞ்சிய கலைமான்கள் மனிதரிடமிருந்து விலகிக் காட்டுத்தன்மை கொண்டன. பல குடும்பங்களின் மந்தைகள் சுருங்கின. பலர் மேய்ச்சல் தொழிலையே விட்டனர். முன்பு வண்டியை இழுத்த கலைமான் அந்நிலத்துப் பாசியை மேய்ந்து வளர்ந்தது. இப்போது வண்டியை இழுக்கும் பெட்ரோலும் உதிரிபாகமும் பணமாக மாற்றி வெளியிலிருந்து வாங்க வேண்டியவை. ஒரு சமூகத்தின் ஆற்றல் மூலம் அதன் கையை விட்டு நழுவுவதைக் குறிக்கவே பெல்டோ உள்ளூர்த்தன்மை இழப்பு என்னும் கருத்தை முன்வைத்தார். பணமும் எஞ்சினைக் கழற்றிப்பூட்டும் திறமையும் உடையவர் முன்னேறினர்; அவை இல்லாதவர் பின்தங்கினர். வண்டி ஒரே மாதிரிதான். அதன் நம்பகத்தன்மை வீட்டுக்கு வீடு வேறுபட்டது.

கனடாவின் ஆர்க்டிக்கிலும் நாய் இழுக்கும் சறுக்குவண்டி இதே காலத்தில் பின்வாங்கியது. வேட்டைக்காரர்களுக்கு இந்த ஒப்பீடு எண்களால் ஆனதன்று. நாய் பழுதாவதில்லை, ஒன்று தளர்ந்தால் மற்றவை இழுக்கும், பனிப்புயலில் வீட்டு வழியை அறியும். எஞ்சின் நின்றுபோனால் மனிதன் நடந்தே திரும்ப வேண்டும். ஆகவே துணைக்கு இன்னொரு வண்டியுடன் புறப்படுவதும், தீப்பொறிச் செருகியையும் இயக்குபட்டியையும் மாற்றாக எடுத்துச் செல்வதும் வழக்கமாயின. நம்பகத்தன்மை எந்திரத்திலிருந்து மனிதரின் முன்னெச்சரிக்கைக்கு இடம்பெயர்ந்தது எனலாம்.

தெற்கே சந்தை வேறொரு பாடத்தைக் கற்பித்தது. 1971இல் வட அமெரிக்காவில் ஏறக்குறைய 4,95,000 ஸ்னோமொபைல்கள் விற்றன; தயாரிப்பாளர்களின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியிருந்தது. அதன்பின் பனி குறைந்த பருவங்களும் 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து தொழிலைச் சரித்தன. 1980களில் குறிப்பிடத்தக்கவையாக எஞ்சியவை நான்கு: ஸ்கி-டூ, போலாரிஸ், ஆர்க்டிக் கேட், 1968இல் களமிறங்கிய ஜப்பானின் யமஹா. மூடப்பட்ட நிறுவனங்களின் வண்டிகள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் உதிரிபாகம் கிடைக்காமல் கொட்டகைகளில் முடங்கின. எஞ்சினின் ஆயுள் நிறுவனத்தின் ஆயுளைத் தாண்டுவதில்லை என்பது அப்போது தெளிவாயிற்று.

அடுத்த திருப்பம் புகையிலிருந்து வந்தது. பழைய இருவீச்சு எஞ்சினில் எரிபொருளின் மூன்றில் ஒரு பங்கு வரை எரியாமலே வெளியேறக்கூடும். ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் கக்கிய நீலப்புகையைக் கண்ட இந்திய நகரவாசிகளுக்கு இது விளக்க வேண்டியதில்லை. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு வாயிலில் பணியாளர்கள் சுவாசக் கவசம் அணிந்து நின்ற காட்சி செய்தியானது. 2000இல் எடுக்கப்பட்ட தடை முடிவு வழக்குகளில் சிக்கியது; 2004-05 பனிக்காலம் முதல் புகையும் ஒலியும் குறைந்த வண்டிகள் மட்டும், எண்ணிக்கை வரம்புடன் அனுமதிக்கப்பட்டன. நாடு முழுமைக்குமான உமிழ்வு விதிகள் 2002இல் வகுக்கப்பட்டன.

இதற்கு விடையாக நான்குவீச்சு எஞ்சின் நாற்பதாண்டுக்குப் பின் திரும்பிவந்தது. யமஹாவின் 2003ஆம் ஆண்டு மாதிரியான ஆர்எக்ஸ்-1, மோட்டார் சைக்கிளிலிருந்து தழுவிய 998 சி.சி. எஞ்சினைக் கொண்டிருந்தது. நீண்ட ஆயுள், குறைந்த எரிபொருள், எண்ணெய் கலக்காத தூய்மை ஆகியவை அதன் பலம்; எடை அதன் பலவீனம். ஆழ்பனி மலைச்சரிவில் எடைகூடிய வண்டி புதைந்தால் அதன் நீண்ட ஆயுளால் பயனில்லை. இருவீச்சு எஞ்சினும் ஓய்ந்துவிடவில்லை. எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் நேரடியாக உருளைக்குள் செலுத்தும் ரோட்டாக்ஸ் இ-டெக் 2009ஆம் ஆண்டு மாதிரிகளில் வந்தது. கலவையைத் தட்பவெப்பத்துக்கேற்பக் கணினியே திருத்திக்கொள்வதால், ஜெட் மாற்றும் வேலையும் கலவை மெலிந்து பிஸ்டன் பொசுங்கும் அச்சமும் பெரிதும் குறைந்தன.

அளவீட்டின்படி இன்றைய எஞ்சின் அதன் முன்னோடிகளை விட மிகுந்த நம்பகமானது. ஆனால் அது பழுதாகும் முறை மாறிவிட்டது. கார்புரேட்டர் அடைத்தால் பனிவெளியில் கழற்றி ஊதிச் சரிசெய்யலாம். உணரி ஒன்று தவறினால், பழுதை அறியவே முகவரின் கணினி தேவைப்படலாம். பழுதுகள் அரிதாயின, அரிதாக வரும் பழுது ஓட்டுநரின் கைக்கு எட்டாததாயிற்று. நகருக்கு அருகே வார இறுதியில் ஓட்டுபவருக்கு இது ஆதாயம். முகவர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மேய்ப்பருக்கோ வேட்டைக்காரருக்கோ இதே மாற்றம் புதிய சார்பு. 2023 ஜூனில் யமஹா ஸ்னோமொபைல் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. வட அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டு மாதிரிகளே கடைசி. உறுதிக்குப் பெயர்பெற்ற அந்நான்குவீச்சு எஞ்சின்களுக்கு இனி உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதே அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கப்போகிறது.

ஆகவே, மாதிரிகளை ஒப்பிடும் அட்டவணையில் சேர்க்க வேண்டிய கட்டம் இது: பழுதானால் யார், எங்கே, எதைக் கொண்டு சரிசெய்வார்? எலியாசனின் 2.5 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அந்தக் கட்டத்தில் எழுதத் தெளிவான விடை இருந்தது. 1934இன் வால்கூரில் அக்கட்டம் எவ்வளவு கனமானது என்பதை ஒரு தந்தை அறிந்திருந்தார். இன்றைய மாதிரிகள் பலவற்றுக்கு அதில் எழுதத்தக்கது ஒரு முகவரின் முகவரி மட்டுமே. அந்த முகவரி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை ஓட்டுபவர்தான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.