கிளாஸ்டர் நகரத்து ஞாயிறு பாடசாலை

இங்கிலாந்து தேசத்துக் கிளாஸ்டர் நகரில், குண்டூசித் தொழிற்சாலைகளில் ஆறு நாளும் உழைத்து, ஏழாம் நாள் போக்கிடமின்றி வீதிகளில் கூச்சலும் சண்டையுமாய்த் திரிந்த ஏழைப் பிள்ளைகளைக் கண்டு மனம் நொந்த ராபர்ட் ரெய்க்ஸ் என்னும் பத்திரிகாதிபர், 1780-ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஞாயிறு பாடசாலை ஒன்றை ஸ்தாபித்தார். பல வருஷங்கள் சிறைக் கைதிகளுக்கு உபகாரம் செய்து, அறியாமையின் பலனை அங்கே பிரத்தியட்சமாகக் கண்டவர் அவர். கந்தல் துணி தடையல்ல. கழுவிய முகமும் கையும், சீவிய தலையும் போதும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. போதித்த பெண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் சம்பளம். வாசிப்பும் வேத வினாவிடையும் பாடம்.

ஊரில் அமைதி நிலவவேண்டும் என்ற லௌகிக நோக்கமும் இதில் கலந்திருந்ததை மறைப்பானேன்? ஆயினும், கூலிக்காரன் பிள்ளைக்கும் ஆத்மா உண்டு, அது வேதவாக்கியத்தைப் பிறர் சொல்லக் கேட்பதோடு நில்லாமல் தானே வாசித்துணர உரிமை உடையது என்ற விசுவாசமே இம்முயற்சியின் மூலாதாரம். வேடிக்கை என்னவென்றால், வாசிப்பைத் தாராளமாகக் கற்பித்த பிற்காலப் பாடசாலைகள் பலவற்றில், எழுதப் பழகுவது ஓய்வுநாளை மீறும் செயலென்று பக்திமான்கள் வாதித்தார்கள். ஏழைக்கு எழுத்தறிவு அபாயமென்று அஞ்சிய செல்வர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 1783-இல் தமது 'கிளாஸ்டர் ஜர்னல்' பத்திரிகையில் ரெய்க்ஸ் தம் ஞாயிறு பாடசாலையைப் பற்றிப் பிரஸ்தாபித்த பின்னர்ப் பிற ஊர்களும் விழித்துக்கொண்டன. 1785-இல் லண்டனில் இதற்கென ஒரு சங்கமே ஏற்பட்டது.