விழுந்தவர் எழும்பும்போது என்ன செய்கிறார்? சண்டை விளையாட்டுகளும் முடிவெடுத்தலும்

ஞாயிறு பின்னேரங்களில் யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் வீட்டு முன்னறையில் ஸ்ட்ரீட் பைட்டர் 6 ஓடும். விளையாடுபவர்கள் மூன்று பேர். உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிக்கும் நான், 16 வயதுள்ள என் மருமகள், பக்கத்து வீட்டில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் கிளிநொச்சித் தம்பி. நான்காமவன் என் பள்ளித் தோழன். லண்டனில் இருந்து இணையம் வழியாகச் சேருவான்.

கடந்த சில மாதங்களாக விளையாட்டோடு ஒரு கொப்பியும் வைத்திருக்கிறோம். யார் எந்த நேரத்தில் என்ன முடிவு எடுத்தார் என்று அதில் குறிக்கிறோம். அதிலிருந்து கற்றதையும், அதை வைத்து நான் விட்ட ஒரு பிழையையும் இங்கே எழுதுகிறேன்.

கேம் கடைக் காலம்

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் முளைத்த கேம் கடை ஒன்றில்தான் நானும் லண்டன் தோழனும் டெக்கன் 3 விளையாடப் பழகினோம். பிளேஸ்டேசனுக்கு அந்த விளையாட்டு 1998 இலேயே வந்துவிட்டது. எங்களுக்கு நாலு வருடம் பிந்திக் கிடைத்தது. மணித்தியாலக் கணக்குக்குக் காசு. தோற்றவன் எழும்ப வேண்டும்.

எடி என்ற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உதைக்கும் பட்டனை மட்டும் கண்மூடித்தனமாக அமத்தினாலே பாதிப் பேரை வென்றுவிடலாம். மற்றப் பாதிப் பேர் அந்த உதைகளைத் தடுத்து முடித்துவிட்டுத் திருப்பி அடிப்பார்கள். அவர்களிடம் நாங்கள் வாங்கிக்கட்டினோம். கை வேகம் ஒன்று, அடுத்தவன் என்ன செய்வான் என்று அறிவது வேறொன்று என்பதை அங்கேதான் முதலில் கண்டேன். 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டு ஊரடங்கு வந்ததோடு எங்கள் விளையாட்டும் நின்றுபோனது.

ஒரு செக்கனில் அறுபது படம்

சண்டை விளையாட்டில் இரண்டு பாத்திரங்கள் நேருக்கு நேர் நிற்கும். ஒருவரின் உயிர்ப்புள்ளி தீர்ந்தால் சுற்று முடியும். திரையில் செக்கனுக்கு 60 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்பார்கள். ஒரு பிரேம் ஏறத்தாழ 17 மில்லிசெக்கன்.

கண்ணால் ஒன்றைக் கண்டு விரலால் பட்டனை அமத்த மனிதருக்கு 200 முதல் 250 மில்லிசெக்கன் வரை தேவை. அதாவது 12 முதல் 15 பிரேம். ஆனால் வேகமான குத்து ஒன்று 4 பிரேமில் வந்து விழும். பிடித்து எறிவது 5 பிரேம். இவற்றைக் கண்டபின் தடுக்க எவராலும் முடியாது. 26 பிரேம் எடுக்கும் டிரைவ் இம்பக்ட் போன்ற மெதுவான அடிகளை மட்டுமே பார்த்துப் பதில் சொல்லலாம்.

ஆகவே நெருங்கி நிற்கும்போது எல்லாரும் ஊகித்துத்தான் விளையாடுகிறார்கள். அந்த ஊகத்துக்கு ஜப்பானிய வீரர்கள் வைத்த பெயர் யோமி. வாசிப்பு என்று பொருள்.

அடி, தடுப்பு, எறி

ஊகம் கூர்மையாகத் தெரியும் இடம், ஒருவர் விழுந்து எழும்பும் கணம். அடித்தவர் பக்கத்தில் நிற்கிறார். எழும்புபவர் தடுக்கலாம். ஆனால் தடுப்பவரைப் பிடித்து எறியலாம். எறியை உடைக்க இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமத்த வேண்டும். அப்படி அமத்தும்போது தடுப்பு விலகும், எதிரி எறியாமல் அடித்தால் அடி முழுதாக விழும். மூன்றாவது வழியும் உண்டு. எழும்பும்போதே ஷோர்யுகென் போன்ற பெரிய அடியை விடலாம். அது பட்டால் நிலைமை தலைகீழாகும். எதிரி முன்கூட்டியே உணர்ந்து தடுத்துவிட்டால் நீங்கள் வெறும் கையோடு ஆகாயத்தில் நிற்பீர்கள். பிறகு நடப்பதைச் சொல்லத் தேவையில்லை.

எந்த வழியும் எப்போதும் சரியல்ல. ஒவ்வொன்றையும் வெல்ல இன்னொன்று இருக்கிறது.

ஏழில் ஐந்து

இதைக் கணக்காகவும் போடலாம். ஜோன் வொன் நொய்மன் 1928 இல் நிறுவிய தேற்றம் இப்படிப்பட்ட இடங்களுக்கே உரியது. ஒருவரின் இலாபம் மற்றவரின் நட்டமாக இருக்கும் ஆட்டத்தில், தெரிவுகளைச் சரியான விகிதத்தில் கலந்து விளையாடினால் எதிரி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் உங்கள் நட்டம் ஒரு எல்லையைத் தாண்டாது.

ஸ்ட்ரீட் பைட்டர் 6 இல் பெரும்பாலான பாத்திரங்களுக்கு உயிர்ப்புள்ளி 10,000. சாதாரண எறி 1,200 புள்ளிகளை எடுக்கும். எறியை உடைக்கப் போய் அடி வாங்கினால் 3,000 போகும் என்று வைத்துக்கொள்வோம். ஷோர்யுகெனை விட்டுவிட்டு, தடுப்பது, எறியை உடைப்பது என்ற இரண்டை மட்டும் எடுத்தால், எழும்புபவர் ஏழு தடவையில் ஐந்து தடவை தடுக்க வேண்டும், இரண்டு தடவை எறியை உடைக்கப் பார்க்க வேண்டும். எட்டுத் தடவை எறிபட்டாலும் உயிர் 400 மிஞ்சும். அடியோ நாலு போதும். அதனால் எறியை அடிக்கடி பொறுத்துக்கொண்டு தடுத்துக்கொண்டே இருப்பதுதான் கணக்கின்படி புத்தி. இந்த விடையைக் கவனத்தில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

கலந்து விளையாடுவது ஏன் கடினம்?

விகிதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒழுங்கும் எழுமாறாக இருக்க வேண்டும். அதுதான் மனிதருக்கு வராதது. 1950 களில் பெல் ஆய்வுகூடத்தில் டேவிட் ஹகல்பார்கரும் குளோட் ஷனனும் சிறு இயந்திரங்களைச் செய்தார்கள். எதிரே இருப்பவர் இரண்டு தெரிவுகளில் எதை எடுக்கப் போகிறார் என்று அவை ஊகிக்கும். வென்றபின் என்ன செய்தார், தோற்றபின் மாற்றினாரா என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டே அவை மனிதர்களைத் தோற்கடித்தன.

பழகியவர்கள் இதைவிட நன்றாகச் செய்வார்கள். பொருளியலாளர் இக்னாசியோ பலாசியோஸ்-ஹுவேர்தா ஐரோப்பிய உதைபந்தாட்டத்தின் 1,417 பெனால்டி உதைகளை ஆராய்ந்து 2003 இல் வெளியிட்டார். தொழில்முறை வீரர்கள் இடம் வலம் என்று கலப்பது வொன் நொய்மனின் கணக்குக்கு மிக நெருக்கமாக இருந்தது. பழக்கத்தை உடைக்கவும் பழகலாம் என்பதுதான் இதன் பொருள்.

2004 இல் கலிபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டியில் டைகோ உமெஹாராவின் கென்னிடம் கிட்டத்தட்ட உயிரே இல்லை. அடியைத் தடுத்தாலும் சிறிது உயிர் போகும் என்பதால் வெறும் தடுப்பு உதவாது. ஜஸ்டின் வொங் சுன்-லியின் பெரிய அடியை விட்டார். அதன் 15 உதைகளையும் உமெஹாரா ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு அந்தச் சுற்றை வென்றார். எதிராளி அந்தக் கணத்தில் அதைத்தான் விடுவார் என்று அவர் காத்திருந்தார். அந்தப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவர் தோற்றார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

2019 இல் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் டெக்கன் 7 இல் ஜப்பானிலும் பிறகு அமெரிக்காவிலும் ஈவோ பட்டங்களை வென்றார். விசாச் சிக்கல்களைத் தாண்டித்தான் அவர் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். உலகம் அதுவரை கவனிக்காத ஓர் ஊரில், ஒரே அறையில், நண்பர்களோடு திரும்பத் திரும்ப விளையாடி வளர்ந்தவர். அவர்களுடைய பழக்கங்களை வெளியே யாரும் வாசித்திருக்கவில்லை.

எங்கள் கொப்பி

எங்கள் கொப்பியில் மூன்று நிரல்கள். நிலைமை என்ன, என்ன செய்தார், என்ன ஆனது. ஆட்டம் முடிந்தபின் பதிவைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக் குறிப்போம். அமத்திய பட்டன்களையும் அந்தப் பதிவு காட்டும்.

லண்டன் தோழனின் ஆட்டங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. இணையத்தில் 150 மில்லிசெக்கன் தாமதம் என்றால் 9 பிரேம் போய்விடும். அதைச் சமாளிக்க இன்றைய விளையாட்டுகள் ரோல்பக் என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. 2006 இல் டொனி கனன் உருவாக்கிய ஜிஜிபிஓ இதை எங்கும் பரவச் செய்தது. தூரத்தில் இருப்பவரின் பட்டன் வந்து சேரும்வரை இயந்திரம் காத்திருப்பதில்லை. கடைசியாக அமத்தியதையே இன்னமும் அமத்துகிறார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். உண்மை வேறாக வந்தால் சில பிரேம்கள் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும்.

பிழையான வாசிப்பு

தம்பியின் பக்கத்தில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஒரு பின்னேரம் 40 தடவை விழுந்தான். 37 தடவை எழும்பும்போது தடுத்தபடியே இருந்தான். நானும் மருமகளும் எறிந்து எறிந்தே அவனை முடித்தோம்.

2009 இல் அவனுக்கு ஒன்பது வயது. குடும்பத்தோடு வன்னியில் கடைசிவரை நின்றவன். எனக்கு உடனே விளக்கம் கிடைத்துவிட்டது. செல் விழும்போது பங்கருக்குள் அசையாமல் கிடக்கப் பழகிய பிள்ளை, இன்றும் விழுந்தால் அசையாமல் கிடக்கிறான். இந்தக் கட்டுரையின் முதல் வரைவை அந்த வசனத்தில்தான் முடித்திருந்தேன். எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கொன்ட்ரோலரை என்னிடம் நீட்டினான்.

"அண்ணை, பங்கருக்குள்ள கிடந்தது உண்மை. ஆனா எல்லாத்துக்கும் அதைக் கொண்டு வராதேங்கோ. இந்தப் பட்டனை ஒருக்கா அமத்திப் பாருங்கோ."

எறியை உடைக்கத் தேவையான இரண்டு பட்டன்களில் ஒன்று தேய்ந்து போயிருந்தது. இரண்டு தடவை அமத்தினால் ஒரு தடவைதான் வேலை செய்தது. அது வீட்டிலிருந்த பழைய கொன்ட்ரோலர். விருந்தாளிக்கு நான்தான் எப்போதும் அதைக் கொடுத்துவந்தேன். நம்ப முடியாத பட்டனை விட்டுவிட்டு அவன் தடுத்திருக்கிறான். அடுத்த ஞாயிறு என் கொன்ட்ரோலரைக் கொடுத்தேன். பத்துக்கு ஏழு எட்டுத் தடவை தடுத்தான், மிச்சத்துக்கு எறியை உடைத்தான். ஏழில் ஐந்துக்குக் கிட்ட. அவனுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

தடுத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் சரியான தெரிவு என்று கணக்குப் போட்டவனே நான்தான். அதைக் காயத்தின் அடையாளமாக வாசித்தவனும் நான்தான். கொப்பி ஒருவர் என்ன செய்தார் என்று காட்டும். ஏன் செய்தார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். போருக்குப் பிறகு எங்கள் ஆட்களைப் பற்றி எத்தனை படிவங்களில், எத்தனை அறிக்கைகளில் இப்படி ஒற்றை வரிக் காரணம் எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தக் காலம் எவரையும் தொடாமல் போகவில்லை. அதற்காக, தொட்ட இடம் எது என்று பக்கத்தில் இருப்பவன் தீர்மானிக்க முடியாது.

பிறகு ஒரு நாள் தானாகவே சொன்னான். "முதல் ரவுண்டில நான் கொஞ்சம் பாத்துத்தான் விளையாடுறனான். அது எங்கையிருந்து வந்தது எண்டு எனக்கும் தெரியாது." நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீங்களும் செய்து பார்க்க

பிள்ளைகளோடோ நண்பர்களோடோ விளையாடுபவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். எல்லாவற்றையும் குறிக்க வேண்டாம். ஒரே ஒரு நிலைமையைத் தெரிவுசெய்யுங்கள். விழுந்து எழும்பும் கணமே போதும். 30, 40 தடவையாவது சேராமல் முடிவுக்கு வராதீர்கள். தோற்ற உடனே எடுத்த முடிவுகளைத் தனியாக எழுதுங்கள், பழக்கம் அங்கேதான் அதிகம் வெளியே வரும். கொன்ட்ரோலர்களை மாற்றி மாற்றிக் கொடுங்கள். காரணத்தை எழுதும் முன்பு விளையாடியவரிடம் கேளுங்கள்.

உங்கள் பக்கத்தை இன்னொருவர் எழுத விடுங்கள். என் பக்கத்தை மருமகள் எழுதினாள். "மாமா, நீங்கள் விழுந்தால் ஒண்டும் பார்க்கிறேல்லை. உடன ஷோர்யுகென் விடுவியள். நான் சும்மா தடுத்துக்கொண்டு நிண்டாலே போதும்" என்றாள். கொப்பியைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. தம்பியின் கதையிலும் நான் அதையே செய்திருக்கிறேன்.

இப்போது விழுந்தால் ஒன்று இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு தடுக்கிறேன். மருமகள் எறிகிறாள். பரவாயில்லை, 1,200 தான்.